வராத பிள்ளைகளின் அதிபர்

2024 பெப்ரவரி 9, வெள்ளிக்கிழமை. காலை 4.50க்கு எழும்பினேன். சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கிணற்றில் நான்கு வாளி இறைத்து வாழைகளுக்கு ஊற்றினேன். 6.40க்கு இடியப்பமும் சொதியும். 7.15க்குப் பாடசாலை. வெள்ளிக்கிழமை என்பதால் 11.30க்கு விட்டது. வரும் வழியில் சந்தையில் பாரைக்குட்டி மீன் வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டு, குளித்து, 12.10க்குப் பள்ளிவாசலில் இருந்தேன். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தபோது வலப்பக்கம் பார்த்தேன். இரண்டாவது வரிசையில் தூணோரத்து இடத்தில் எங்கள் பழைய அதிபர் சேர் இல்லை. வேறு யாரோ இருந்தார்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் எழுதினேன்: "சேர் இன்றும் வரவில்லை. மூன்றாவது ஜும்ஆ." எழுதிவிட்டுப் பின்பக்கங்களைப் புரட்டினேன். பெப்ரவரி இரண்டாம் திகதியிலும் எழுதியிருந்தேன். ஜனவரி இருபத்தாறிலும் எழுதியிருந்தேன். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு நடந்துபோனால் ஆறு நிமிடம். மூன்று வெள்ளிக்கிழமையும் எழுதினேனே தவிர, ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

இது யாருக்கு நடந்தாலும் பிழைதான். அவருக்கு நடந்ததுதான் என்னைப் பேனையை மூடிவைக்கச் செய்தது. வராதவர்களைத் தேடிப்போவதையே வாழ்நாள் வேலையாகச் செய்த மனிதர் அவர்.

அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. ஊரில் 'சேர்' என்று மட்டும் சொன்னால் அது அவரைத்தான் குறிக்கும். முப்பத்தைந்து வருடம் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தார். அதே காலம் முழுக்க நாலு ஏக்கர் வேளாண்மையும் செய்தார். கல்முனைக்கு மேற்கே, வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் பாடசாலை இருந்தது. பின்வேலியில் நின்று பார்த்தால் வட்டை முழுவதும் தெரியும். வட்டை என்றால் வரம்புக்கு வரம்பு தொட்டு மாவடிப்பள்ளிப் பக்கம்வரை விரிந்து கிடக்கும் வயல்வெளி. அவருடைய வயலும் அதற்குள்தான்.

என்னுடைய முதல் நியமனம் அந்தப் பாடசாலைக்கு. இருபத்தேழு வயது. நியமனக் கடிதத்தோடு காரியாலயத்தில் காத்திருந்தேன். அவர் உள்ளே வந்தார். வெள்ளைச் சாறன், முழுக்கைச் சேட், மணிக்கட்டுவரை காய்ந்த சேறு. கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"வந்திட்டயா? இரி" என்றார்.

அவ்வளவுதான். சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்தார். சைக்கிளின் முன்பாரில் ஒரு பிள்ளை, கரியரில் ஒரு பிள்ளை, பின்னால் இன்னொன்று அழுதபடி நடந்து வந்தது. மூவரையும் வகுப்புகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்தவன் கிடக்கட்டும். வராதவன்ட பேரச் சொல்லு." இதுதான் அவருடைய வாய்ச்சொல். ஒவ்வொரு காலையும் எட்டேகாலுக்கு ஒவ்வொரு வகுப்பு வாசலிலும் நின்று இதைக் கேட்பார். பெயர்களை ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு புறப்படுவார். சைக்கிள் கரியரில் ஓர் உரப்பை எப்போதும் கட்டியிருக்கும். அதற்குள் இரண்டு மூன்று அளவுகளில் வெள்ளைச் சீருடை, கொப்பிகள், பென்சில்கள். உடுப்பில்லை, கொப்பியில்லை என்று எந்த வீட்டிலும் சொல்ல முடியாது.

ஒரு தடவை என்னையும் கூட்டிப் போனார். நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் வீடு. தாய் வாசலுக்கு வந்து, "புள்ளைக்குச் சரியான காய்ச்சல் சேர், எழும்ப ஏலாமப் படுத்திருக்கா" என்றாள். சேர் தலையை நிமிர்த்தி முற்றத்து ஜாம்மரத்தைப் பார்த்தார். உச்சிக் கொப்பில் ஒரு பச்சைப் பாவாடை அசைந்தது.

"காய்ச்சல் நல்லா ஏறித்தான் நிக்கிது" என்றார். "நீ இறக்கிறயா, நான் ஏறி இறக்கட்டா?"

தாய் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிள்ளை தானாகவே இறங்கி வந்தது. அதன் வாயெல்லாம் ஜாம்பழச் சிவப்பு.

வருடம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு விழாவில் ஒரு கிண்ணம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அவர் அதிபரானதும் அதை நிறுத்திவிட்டார். ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் ஆட்சேபித்தார்.

"வந்ததுக்குப் பரிசா?" என்று கேட்டார் சேர். "சோறு திண்டதுக்கும் ஒண்டு குடுப்பமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் படிக்கும் காலத்தில் அப்படியான கிண்ணங்கள் ஆறு வாங்கியவன் நான். அன்று வீட்டுக்குப் போய் அவற்றைத் துடைத்து வைத்ததாக நாட்குறிப்பில் இருக்கிறது.

வயலிலும் அவர் அப்படித்தான். விதைத்துப் பதினைந்தாம் நாள் வரம்பில் நடந்து வருவார். பச்சையாக நிற்கும் பயிரை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். முளைக்காமல் திட்டாகக் கிடக்கும் இடத்தில் குந்திக்கொள்வார். அங்கே தண்ணீர் நின்றதா, நண்டு தின்றதா என்று மண்ணைக் கிளறுவார். அடர்ந்த இடத்திலிருந்து நாற்றைப் பிடுங்கிவந்து அந்தத் திட்டில் நடுவார்.

"சேர்ட கண்ணுக்கு நிண்ட பயிர் தெரியா. நிக்காத இடந்தான் தெரியும்" என்று பக்கத்து வயல்காரர் கேலி செய்வார்.

"நிண்டது நிக்கும்தானே காக்கா" என்பார் சேர், நிமிராமலே.

நின்றது நிற்கும் என்பதில் அவருக்கு அப்படியொரு நம்பிக்கை. அவருடைய மூத்த மகள் எங்கள் பாடசாலையில்தான் படித்தாள். எல்லா வருடமும் வகுப்பில் முதலாவது. ஒரு பரிசளிப்பு விழாவில் அவளுடைய பெயர் வாசிக்கப்பட்டபோது மேடையில் அதிபரின் கதிரை காலியாக இருந்தது. இரண்டு நாளாக வராத ஒரு பிள்ளையைத் தேடி அவர் பாலமுனைக்குப் போயிருந்தார். அந்தப் பிள்ளை உம்மம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்ததாம். மகள் பிரதி அதிபரின் கையால் பரிசை வாங்கிக்கொண்டு இறங்கினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பழகிவிட்ட முகம்.

என் கையெழுத்து ஒழுங்காக இருந்ததால், நான் போய்ச் சேர்ந்த ஆறாம் மாதமே எல்லா வகுப்பு இடாப்புகளையும் என் பொறுப்பில் விட்டார். வகுப்பாசிரியர்கள் நாளாந்தம் வரவு பதிவார்கள். பெயர் சேர்ப்பது, நீக்குவது, பரீட்சைப் பட்டியல் தயாரிப்பது என் வேலை. ஒரேயொரு கட்டளைதான் தந்தார்: "பேர் சேர்க்கிறதெண்டா எனக்குச் சொல்லத் தேவல்ல. வெட்டுறதெண்டா சொல்லிப்போட்டு வெட்டு."

இனி எழுதப்போவதை இருபத்திரண்டு வருடங்களாக எங்கேயும் எழுதவில்லை.

2002 பெப்ரவரி. பெரும்போக வெட்டு. இப்போதுபோல வெட்டும் மெசின் இல்லை. கையால் வெட்டி, கதிர்களை உப்பட்டியாகக் காயவிட்டு, குவித்துச் சூடு வைத்து, உழவு மெசினால் மிதித்து நெல்லாக்கவேண்டும். சேர் திங்கள் தொடக்கம் வெள்ளிவரை லீவு போட்டுவிட்டு வயலில் நின்றார். அடுத்த கிழமை பாடசாலையைப் பார்வையிட மேலிடத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. இடாப்புகளைச் சரிபார்த்தேன். பதினோராம் வகுப்பில் நிஹாரா என்ற பிள்ளை பல கிழமைகளாக வரவில்லை. முந்திய கிழமைகளில் சேர் தேடிப்போனபோதும் வீடு பூட்டிக் கிடந்தது. அவளுடைய வரிசையில் மட்டும் வட்டம் வட்டமாக வராத குறி. அந்த வரிசை பக்கத்தின் அழகையே கெடுத்தது என்று அப்போது நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

நீக்குவதற்கு முன் வீட்டுக்கு அறிவித்தல் அனுப்பவேண்டும் என்பது விதி. அனுப்பினேன். பதில் வரவில்லை. வராதென்று எனக்குத் தெரியும். நிஹாராவின் வாப்பா வட்டைக்குள் காவல் இருப்பவர். வெட்டுக் காலத்தில் குடும்பமே வீட்டைப் பூட்டிவிட்டு வயலில் கட்டிய வாடிக் குடிசைக்குப் போய்விடும். வெட்டுக்காரர்களுக்கு ஆக்கிக் கொடுப்பது தாயும் மகளும். வெட்டுக் காலத்தில் பூட்டிய வீட்டுக் கதவிடுக்கில் கடிதம் செருகுவது யாரிடமும் ஒன்றும் கேட்பதாகாது. இந்த ஊரில் பிறந்த எவருக்கும் அது தெரியும். நான் இந்த ஊரில் பிறந்தவன். ஆனால் என் கோப்புக்குள் கடிதத்தின் பிரதி ஒழுங்காக இருந்தது.

வியாழக்கிழமை சிவப்பு மையால் அவள் பெயருக்கு மேல் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். சேரிடம் சொல்லவில்லை. லீவில் நிற்பவரை ஏன் தொந்தரவு செய்வான் என்று எண்ணினேன். வெள்ளிக்கிழமை, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கான விண்ணப்பங்கள் போயின. கடைசி நாள் அதுதான். பட்டியலில் அவள் இல்லை. அன்றைய நாட்குறிப்பு: "இடாப்பு வேலைகள் முடிந்தன. சுத்தமாக இருக்கின்றன."

திங்கட்கிழமை காலை சேர் வந்தார். சைக்கிளுக்குப் பின்னால் நிஹாரா நடந்து வந்தாள். உரப்பைக்குள் மடித்துக் கிடந்த சீருடை. பர்தா ஓரத்தில் வைக்கோல் தூசி.

"விண்ணப்பத்தை நிரப்பிக் குடு இவக்கு" என்றார்.

இடாப்பை எடுத்துக் கொடுத்தேன். அவருடைய விரல் பெயர்கள் வழியே இறங்கி, சிவப்புக் கோட்டில் நின்றது. என்னைப் பார்க்கவில்லை. வெளியே போய் சைக்கிளை எடுத்தார். பகல் இரண்டு மணிக்குத்தான் திரும்பி வந்தார். எங்கெங்கே போனார், யாரைக் கண்டார் என்று தெரியாது. நிஹாரா அவ்வளவு நேரமும் காரியாலய வாங்குப் பலகையின் நுனியில் இருந்தாள். நான் அவளுக்கு முன்னாலேயே இருந்து வேறு ஏதோ எழுதிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வருசம் எழுதுவம் மகள்" என்றார் சேர்.

"ஓம் சேர்" என்றாள்.

அந்த வருடக் கடைசியில் அவளுக்குக் கலியாணம் முடிந்தது.

சேர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. இடாப்புகளை என்னிடமிருந்து வாங்கவுமில்லை. மறுநாள் எட்டேகாலுக்கு வழமைபோல வந்து, "வராதவன்ட பேரச் சொல்லு" என்றார். மூன்று வருடம் கழித்து நான் மாற்றலாகிப் போனபோது கையைப் பிடித்து "நல்லா இரி" என்றார். அந்த மௌனத்தை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். என்னைப் பற்றிக் கதைப்பதற்குக்கூட அவருக்கு மனமில்லை என்று நினைத்தேன். ஏசியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். ஏசாதவரிடம் எப்படிக் கேட்பது? ஒரே ஊரில் ஆறு நிமிட நடைத் தூரத்தில் இருந்துகொண்டு, வழியில் கண்டால் ஸலாம், பள்ளிவாசலில் கண்டால் ஸலாம். வேறெதுவும் இல்லை.

மூன்று ஜும்ஆக்களும் நான் போகாததற்குக் காரணம் இதுதான். இன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு 3.50க்குப் புறப்பட்டேன். அவருக்கு எழுபத்தைந்து வயது. இன்னும் எத்தனை வெள்ளிக்கிழமைகள் எழுதிக்கொண்டிருப்பேன்?

மூத்த மகள்தான் கதவைத் திறந்தாள். அவளும் இப்போது ஆசிரியை.

"வாங்க சேர். வாப்பா உள்ளுக்கு இரிக்காரு. கிணத்தடியில வழுக்கி உழுந்து இடுப்புல அடி. மூணு கிழமையாப் போகுது."

"கேள்விப்படல்ல மகள்."

"யாருக்கும் சொல்லவேணாமெண்டுட்டாரு. தேடுறவங்க வரட்டுமாம்."

"வந்தாங்களா?"

"பள்ளிவாசல் மோதினார் ஒருக்கா வந்தாரு. மறுகா நீங்கதான்." பிறகு தானாகவே சிரித்தாள். "எங்களையும் அவர் ஒருநாளும் தேடினதில்ல சேர். நாங்க எப்பவும் கண்ணுக்கு முன்னாலயே நிண்டுட்டம்."

அவர் யன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். கண் மட்டும் பழைய கண்.

"யாரு? அட, நீயா? இரி. எங்கட வட்டைக்குள்ள மெசின் இறங்கிட்டா?"

"இறங்கிட்டு சேர். மூணு ஜும்ஆவா ஒங்களக் காணல்ல, அதான்..."

"மூணா? எண்ணினயா?"

"ஓம் சேர்."

"எண்ணுறதில ஒன்ன வெல்ல ஏலா." சிரித்தார். சிரித்தபோது இடுப்பு வலித்திருக்கவேண்டும், முகம் சுருங்கியது. "எண்ணிப்போட்டு என்ன செஞ்ச?"

வழி முழுக்க யோசித்து வந்ததை அப்படியே சொன்னேன்.

"பொருத்தம் கேக்க வந்தன் சேர்."

ஒருவருக்கொருவர் செய்த பிழையை மௌத்து வருமுன், உயிர் இருக்கும்போதே, மன்னித்துத் தீர்த்துக்கொள்வதை எங்கள் ஊர்களில் அப்படித்தான் சொல்வோம். ஹஜ்ஜுக்குப் போகிறவர் வீடு வீடாகப் போய்க் கேட்பார். படுக்கையில் கிடப்பவர் பார்க்க வருகிறவர்களிடம் கேட்பார்.

"படுத்துக் கிடக்கிறவன் நான். நான் கேக்கவேண்டியத நீ கேக்கிற" என்றார் சேர். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "மகள், இவன் எனக்கு முந்தி மௌத்தாகப் பாக்கிறான், தேத்தண்ணியக் கெதியாக் குடு." பிறகு என்னிடம், "என்னத்துக்குப் பொருத்தம்?"

"நிஹாராட விசயம்."

அவருடைய சிரிப்பு நின்றது. தேநீர் வந்தது. மகள் போகும்வரை காத்திருந்தார்.

"நான் ஒன்ன ஏசல்லதானே?"

"ஓம் சேர். அதுதான் எனக்கு..."

"எப்பிடி ஏசுற? அவட வாடி என்ட வயலுக்கு மூணு வரம்பு தள்ளி. செவ்வாக்கிழம நான் அவளக் கண்டன். தண்ணிக் குடத்தத் தூக்கிக்கிட்டுப் போறா. என்னக் கண்டிட்டு ஸலாம் சொன்னா. புள்ள பள்ளிக்கூடத்தில நிக்கவேணும், இஞ்ச நிக்கிறா எண்டு எனக்குத் தெரியும். விண்ணப்பம் போற நாள் கிட்டிட்டு எண்டும் தெரியும். ஆனா மேல பாத்தா மழை இருட்டிக்கிட்டு நிக்கிது. சூடு மிதிச்சு முடியல்ல. நாளைக்குக் கூட்டிக்கிட்டுப் போவம் எண்டு நெனச்சன். புதன்கிழமயும் அதையேதான் நெனச்சன். வியாழக்கிழமயும்."

"மழை பெய்ஞ்சதா சேர்?" ஏன் அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"பெய்யல்ல. ஒரு துளி பெய்யல்ல. நெல்லெல்லாம் நல்லபடியா ஊட்ட வந்து சேந்திச்சு." கையால் போர்வையைத் தடவிக்கொண்டே சொன்னார். "நீ கோடு போட்டது வியாழக்கிழம. நான் செவ்வாக்கிழமயே போட்டுட்டன். அத வச்சிக்கிட்டு நான் ஒன்ன என்ன எண்டு ஏசுற?"

இருபத்திரண்டு வருடம் அவருடைய மௌனத்துக்கு நான் கொடுத்துவந்த அர்த்தம் முழுவதும் பிழை. அவர் என்னிடம் கோபமாக இருக்கவில்லை. என்னைக் காணும்போதெல்லாம் அவருக்குத் தன்னுடைய அந்த நாட்கள்தான் ஞாபகம் வந்திருக்கின்றன. நான் ஒருமுறை அந்த ஆறு நிமிடம் நடந்திருந்தால் இரண்டு பேருக்கும் இது தெரிந்திருக்கும்.

"அவட்ட நீங்க கேட்டீங்களா?"

"கலியாணத்துக்கு முதல் நாள் போனன். கேட்டன். 'அதுக்கென்ன சேர், பொருந்திட்டன்' எண்டா. மறுகா ஒண்டு கேட்டா. என்ட பேர வெட்டின யாரெண்டு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லல்ல. எனக்கு அவ பொருந்தினா. ஒன்ட பேர அவக்குத் தெரியாது. பேர் தெரியாத ஆளுக்கு என்ன எண்டு பொருந்துற?" கட்டிலில் கொஞ்சம் நிமிரப் பார்த்தார். முடியவில்லை. நான் தலையணையைச் சரிசெய்தேன். "என்ட பொருத்தம் ஒனக்கு எப்பவும் இரிக்கி. அது ஒனக்குத் தேவப்பட்ட பொருத்தம் இல்ல. மாவடிப்பள்ளியிலதான் இரிக்கா. ரைஸ் மில்லுக்குப் பின்னால, நீலக் கேற் போட்ட ஊடு."

5.20க்கு வீட்டுக்கு வந்தேன். மேலே உள்ளவற்றை எழுதினேன். 9.30க்குப் படுத்தேன்.

2024 பெப்ரவரி 10, சனிக்கிழமை. சுபஹுத் தொழுததும் வாழைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. தேநீரும் குடிக்கவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போனேன். இரண்டு பக்கமும் வெட்டிய வயல். 6.25க்கு நீலக் கேற்றுக்கு முன்னால் நின்றேன். நாற்பதை நெருங்கும் ஒரு பெண் முற்றத்தில் படங்கை விரித்து அவித்த நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கேற்றடிக்கு வந்தாள்.

"ஆரத் தேடுறீங்க?"

"நிஹாரா நீங்கதானா?"

"ஓம். நீங்க ஆரு?"

ஸலாமில் தொடங்கி, பாடசாலையின் பெயர், சேரின் சுகவீனம் என்று மூன்று தடவை மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த எதையும் நான் சொல்லவில்லை.

"பதினோராம் வகுப்பு இடாப்பில ஒங்கட பேர வெட்டின ஆள்" என்றேன்.